ஒட்டுத்தாள் கிழிந்த கைபேசி

மதியம் 1:20. இன்னும் கடைக்கு வராத கைபேசியின் படம் இணையத்தில் உலவிக்கொண்டிருந்தது. பாக் நிஞ் ஊரின் கைபேசித் தொழிற்சாலையில் இப்படி நடந்தால் யார் தலையாவது உருண்டாக வேண்டும். தொழிலாளி லுயெனின் தலையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

உள்ளே வருகிற எல்லோருடைய கைபேசிக்கும் வாசலிலேயே பின்பக்கக் கேமராவை மூடி ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவார்கள். லுயெனின் கைபேசியில் அது கிழிந்திருந்தது. போதாதா?

பாதுகாப்பு அதிகாரி பிக், மேசையில் குற்ற ஒப்புதல் கடிதத்தையும் பேனாவையும் வைத்தார். கையெழுத்துப் போட்டால் வேலை போகும். வேறெந்த ஆலையும் வாசலில்கூட நிற்க விடாது.

"போட்டுடு தங்கச்சி. போலீசு வரைக்கும் போக வேணாம்."

"மாட்டேன்க்கா. போலீசையே கூப்பிடுங்க. இடைவேளையில சாப்பிட்டு, பாயில படுத்து எழுந்தப்பதான் கிழிஞ்சிருந்துச்சு."

"தூக்கத்துல எலி கிழிச்சிருக்கும்" என்றார் மேற்பார்வையாளர் தொவான். சுண்டுவிரலில் ஆசையாக வளர்த்த நீள நகத்தால் தன் கைபேசியைத் தட்டிக் காட்டினார். "படம் எடுத்தது இந்த மாடல்ல. ஆலையில மூணு பேருகிட்டதான் இருக்கு. ஒருத்தி பிரசவ விடுப்புல. என்னோடதுல ஒட்டுத்தாள் அப்படியே இருக்கு. மிச்சம் யாரு?"

1:35. லுயென் நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்தாள்.

"படத்தோட விவரத்தைப் படிங்கக்கா."

"எடுத்த நேரம் 11:40. லென்ஸ் துவாரம் 2.2."

"பெரிய நம்பர், பெரிய கேமரா. பின்கேமராவேதான்" என்றார் தொவான்.

லுயெனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருடமாக லென்ஸ் சோதிக்கிறவள் அவள். மேற்பார்வை செய்கிறவருக்கு இதுகூடத் தெரியவில்லை.

"டெட் புத்தாண்டுப் பண்டிகைக்குப் பலகாரம் பங்கு வைக்கிறீங்க. நாலு பேருன்னா துண்டு பெருசு, எட்டு பேருன்னா சின்னது. இதுவும் வகுக்குற நம்பர்தான் அண்ணே. நம்பர் ஏற ஏற ஓட்டை சுருங்கும். அக்கா, என் போன்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுத்துப் பாருங்க."

பிக் எடுத்தார். பின்கேமரா 1.8. முன்கேமரா 2.2.

"இந்த போன்ல ஓட்டையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆக, படம் முன்கேமராவுல எடுத்தது. அதுக்கு நீங்க ஒட்டுத்தாளே ஒட்டுறதில்ல."

"அப்ப நீயும் எடுத்திருக்கலாமே?" என்றார் பிக்.

"ஒட்டுத்தாளைக் கிழிச்சவளுக்கு நல்ல கேமரா கையில இருக்கு. அவ எதுக்கு முகம் பாக்குற கேமராவுல குருட்டாம்போக்குல எடுக்கணும்? கிழிக்காமலே எடுத்தேன்னா, அப்புறம் எதுக்கு நானே கிழிச்சு மாட்டிக்கணும்? ஒட்டுத்தாள் கிழியாம இருக்கணும்னு நெனைச்சவன்தான் முன்கேமராவைத் தேடுவான்."

தொவான் தன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வாய் மட்டும் நீளம். சாட்சி இருக்கா?"

"இருக்கு. படத்துல அந்தப் புது போனோட முதுகு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. அதுல வெள்ளையா ஒரு கட்டம் தெரியுதே, என்னக்கா அது?"

"கூரை விளக்கு."

"நம்ம கூரையில இருக்கறதெல்லாம் நீளக் குழல் விளக்கு. இது அகலமா இருக்கு. முன்கேமராவுல எடுத்தா திரை எந்தப் பக்கம் பாத்திருக்கும்? பொருளைப் பாத்துத்தானே! அந்தத் திரை வெளிச்சம்தான் இது. ஓரத்தைப் பெருசாக்கி வெளிச்சத்தைக் கூட்டுங்க."

பிக் கூட்டினார். இருட்டிலிருந்து கைபேசியைப் பிடித்த கை மெல்லத் துலங்கியது. உறையில்லாத விரல்கள். கடைசி விரலில் நீளமாக ஒரு நகம்.

"எங்க லென்ஸ் பிரிவுல நகம் வெட்டலேன்னா உள்ளயே விடமாட்டீங்க. விரலுறை போடாம லென்ஸ் பக்கமே போக முடியாது" என்று லுயென் தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். "என்னைத் தூங்க விட்டுட்டு ஒட்டுத்தாளைக் கிழிச்சதும் அதே நகம்தான்."

தொவான் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

1:52. லுயென் ஒப்புதல் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பெயரை அடித்தாள். மேலே வேறொரு பெயரை நிதானமாக எழுதி, பேனாவோடு தொவான் முன்னால் தள்ளினாள்.

"மத்ததெல்லாம் நீங்க எழுதுனபடியே இருக்கு அண்ணே. கையெழுத்துப் போடுங்க."