தண்டவாளத்தோரத்து விருந்தாளி

சோற்றில் மண் கடித்தது.

ஹனீபா மெல்லுவதை நிறுத்தினான். மூன்று நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. பினாங்கின் ஜெலுத்தோங் சந்தில் தவளையே குடை கேட்கும் அளவுக்கு மழை. அந்த ஈரத்தில், மூடி வைத்த சட்டிக்குள், உலர்ந்த செம்மண் எப்படி வரும்? விரலில் தேய்த்தான். மாவு போல் நைசாக, வெயிலில் காய்ந்த இரும்பின் வாடையோடு இருந்தது. அந்த வாடை அவனுக்குத் தெரியும். கடல் தாண்டி முகர்ந்தது.

பினாங்கில் வெள்ளைக்காரர் தங்கும் ஓட்டலில் அவன் சமையல்காரன். போன வருஷம், 1930-இல், ஈயச் சுரங்கத் துரை ஒருவர் தென்னாப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். ஹனீபாவின் மீன்கறி இல்லாவிட்டால் துரையின் வயிறு வேலைநிறுத்தம் செய்துவிடும் என்பதால் அவனையும் கப்பலேற்றினார். கேப் டவுனிலிருந்து விக்டோரியா அருவி வரை, உல்லாசப் பயணிகளுக்கென்றே ஓடிய ரயில். உள்ளே குளிக்கத் தொட்டி, பியானோ. அடுப்பு வண்டியில் ஹனீபா. திரும்பி வந்தபின் பஷீரின் காப்பிக்கடையில் அவன் அளந்ததில், அருவி வாரத்துக்கு நூறடி வளர்ந்தது. தொலைவில் பார்த்த ஒரு சிங்கம் ஒன்பதாகி, சன்னலுக்கு வந்து, கறியில் உப்புப் போதவில்லை என்று குறையும் சொன்னது.

ஒன்றை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பொட்டல்வெளியில் இஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போதுதான் அவன் சாப்பிடுவான். படியில் தட்டோடு உட்கார்ந்தால், தண்டவாளத்துக்கு அப்பால் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக, கையில் பெட்டியோடு ஒருவர் நிற்பார். அங்கே ஸ்டேஷன் கிடையாது, வீடு கிடையாது, ஒரு மரம்கூடக் கிடையாது. ராத்திரி முழுக்க ஓடி இருநூறு மைல் தள்ளி நின்றாலும், அங்கேயும் அவர். முன்னைவிடக் கொஞ்சம் கிட்டே. வாய் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் அப்பிக் கிடந்தது. மூன்றாம் நாள், கையில் கவளமிருக்க எதிரே ஆள் நின்றால் நம்மவர் நாக்கு சும்மா இருக்குமா? "வாங்க, சாப்பிடலாம்" என்றான். அவர் அசையவில்லை. வண்டி நகர்ந்தது. வெறுமனே போவது மரியாதையில்லை என்று கையை ஆட்டி, "பினாங்குப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க. ஜெலுத்தோங், பள்ளிவாசலுக்குப் பின்னால" என்று கத்தினான்.

அவர் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டார். நடக்கத் தொடங்கினார்.

இப்போது ஹனீபா சன்னலைப் பார்த்தான். சந்து முனையில், கொட்டும் மழையில், வெள்ளைக் கோட்டு. அது நனையவில்லை.

மறுநாள் பகலில் நாலாவது கவளத்தை எடுக்கையில் அவர் சீனர் தச்சுப்பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார். அதற்கடுத்த நாள் ஒரே கவளம்தான். வாசல் கிணற்றடியில் அவர். ஹனீபாவுக்கு விளங்கிவிட்டது: தான் சாப்பிடும்போதுதான் அவர் நகர்கிறார். வாசற்படி மிதித்தால் என்ன செய்வாரோ தெரியாது. ஆனால் வீட்டுக்குள் மனைவி ஆசியா பீவி இருக்கிறாள். அன்றோடு அவன் சோற்றை விட்டான்.

காப்பிக்கடையில் பஷீர் கேலி பேசினான். "சிங்கத்துக்கே சமைச்ச ஆளு, சொந்த வீட்டுச் சோறு இறங்கலையா, ஹனீபா நானா?"

ஹனீபா காப்பியைத் தொடாமல் எழுந்து நடந்தான்.

ஆசியா கஞ்சி வைத்தாள், ரசம் வைத்தாள், ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் எதையும் தொடவில்லை. அவளிடம் சொல்லிவிடலாமா என்று பலமுறை வாயெடுத்தான். ஒன்பது சிங்கத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தவள் இதையும் பத்தாவது சிங்கமாக அல்லவா சேர்த்துக்கொள்வாள்? பேசாமல் கதவுக்குத் தாழ் போட்டான். கிணற்றடியில் வெள்ளைக் கோட்டு அசையாமல் நின்றது.

நாலாம் நாள் நண்பகல் லுஹர் தொழுகை முடித்துப் பாயில் சாய்ந்தவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு போனது.

நெய்ச்சோற்று வாசனையில் விழித்தான். மழை ஓய்ந்திருந்தது. ஓடு சொட்டவில்லை, தவளை கத்தவில்லை. அறை வாசலில், தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம், ஆசியா நின்றாள். முகத்தில் நாலு நாளாக இல்லாத தெம்பு.

"எழுந்திரிங்க மச்சான். தனியா உக்காந்தாத்தானே இறங்கல, தொணைக்கு ஆள் இருந்தா இறங்கும்லா. பாவம், அந்த மனுஷன் நாலு நாளா கெணத்தடியில நிக்கிறாரு. தாழை எடுத்துட்டு, திரைக்குப் பின்னால இருந்துதான் உள்ள வாங்கன்னேன். கூப்பிட்டதும் வந்துட்டாரு. வாயே திறக்கல."

அவளை ஒதுக்கிவிட்டுத் திரையை விலக்கினான்.

கூடத்துப் பாயில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அருகே பெட்டி. நடுவே, சேர்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டில் சோறு ஆவி விட்டது. ஆவி சிவப்பாக இருந்தது.

"ஆசியா, உள்ளேயே இரு."

பதில் இல்லை.

அவர் தலை நிமிர்ந்தது. முகத்து மண்ணில் ஒரு விரிசல். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வாய் திறந்தது.

நாக்கு இல்லை. பல் இல்லை. உள்ளே வானம். கீழே பொட்டல்வெளி. வெகு தொலைவில், சன்னல்களில் விளக்கெரிய, ஒரு ரயில்.

கிட்டே வந்தது.

ஹனீபா கையைப் பின்னால் நீட்டித் துழாவினான். திரை. வெறும் திரை.

முதல் சன்னலில் ஆள் இல்லை. இரண்டாவதில் இல்லை. கடைசிச் சன்னலில் ஆசியா. முக்காட்டு முனையால் கண்ணாடியிலிருந்த செம்மண்ணைத் துடைத்துவிட்டு, வெளியே யாரையோ தேடினாள். பிறகு இரண்டு கையாலும் கண்ணாடியை அடிக்கத் தொடங்கினாள்.

சத்தம் மட்டும் வரவில்லை.