பலகையில் விழுந்த வட்டங்கள்

"சின்னராஜ் அண்ணன் வேலைதானுங்க. என் கிளாஸ் ரூமை ஸ்டோரா மாத்தணும்னு ரொம்ப நாளாக் கேக்கறாரு." சித்ரா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

குழந்தைவேல் மேட்டூரில் ஒரு ரசாயன ஆலையின் சோதனைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சத்திரத்தில் ஏதாவது காணாமல் போனாலும் கெட்டுப்போனாலும் அவரிடம்தான் வருவார்கள்.

"உக்காருங்க அம்மணி. என்ன ஆச்சு?"

ஆழ்துளைக் கிணறு போட மொசாம்பிக் போகும் பையன்களுக்கு, ரிக் கம்பெனி ஒன்றில் சித்ரா போர்த்துகீஸ் சொல்லித் தருகிறாள். முதலாளி அங்கமுத்துவுக்கு வகுப்பில் நம்பிக்கை இல்லை. இன்று பதினொரு மணிக்கு வந்து உட்காரப் போகிறார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் வகுப்பு இன்றோடு சரி. அதற்காக நேற்று வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் அழியாத மையால் ஒரே சொல்லைப் பல மொழிகளில் எழுதியிருந்தாள். போர்த்துகீஸில் மாங்கா. ஸ்பானிஷிலும் இத்தாலியனிலும் மாங்கோ. பிரெஞ்சில் மாங்க். எல்லா அம்புக்குறியும் மேலே போய், கப்பலில் வந்தவர்கள் நம் கரைகளில் கேட்டுக்கொண்டு போன மாங்காயில் முடியும்.

"காலைல பாத்தா பாதி எழுத்தைக் காணோமுங்க. பெயின்ட் கரைக்கற தின்னர் வாசம் அடிக்குது. தின்னர் ஸ்டோர்லதான் இருக்குது."

"அப்பறம் என்ன மாமா, ஆளு சிக்கியாச்சு!" என்றாள் அவருடைய அக்கா மகள் சண்முகப்பிரியா, செருப்பை மாட்டியபடி.

வகுப்பறையில் பலகை மேசை மேல் மல்லாந்து கிடந்தது. ஸ்டோர் பொறுப்பாளர் சின்னராஜ் வாசலில் கையைக் கட்டி நின்றார். உள்ளே மாணவன் காளிதாஸ் மட்டும் இருந்தான். உதட்டோரம் கருத்த புண். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"துப்பறியற அளவுக்கு என்னங்க கொள்ளை போச்சு?" என்றார் சின்னராஜ்.

குழந்தைவேல் குனிந்து முகர்ந்தார். அழிந்த இடத்தை விரலால் தொட்டார்.

"பிரியா, என்ன தெரியுது?"

"வட்டம் வட்டமா அழிஞ்சிருக்குது. ஓரமா எறும்பு."

"தின்னர் ஊத்தியிருந்தா இந்நேரம் காஞ்சிருக்கும். இது பிசுபிசுங்குது. துணியில தொடைச்சிருந்தா இழுத்த தடம் இருக்கும், அதுவும் இல்ல. இங்க எதையோ வரிசையா வெச்சிருக்காங்க, அதுல இருந்துதான் வடிஞ்சிருக்குது." அவர் திரும்பினார். "பறிச்ச மாங்காயை என்ன பண்ணுவோம் காளிதாஸு?"

"காம்பு கீழ இருக்கற மாதிரி கவுத்து வெப்போமுங்க." அவன் குரல் இறங்கியது. "பால் வடியட்டும்னு."

"அந்தப் பால்ல தின்னர் மாதிரியே மையைக் கரைக்கற எண்ணெய் இருக்குது. வாசமும் ஏறக்குறைய அப்படித்தான். தோல்ல பட்டா வெந்து போகும். உன் ஒதட்டுல இருக்கறது அதுதானே?"

"டீச்சருக்குன்னு எங்க தோட்டத்துல பறிச்சேனுங்க. ராத்திரி கரண்ட் இல்ல, பலகைன்னு தெரியாம அடுக்கிட்டேன். காலைல பாத்ததும் பயந்து, எல்லாத்தையும் மூட்டை கட்டி லாரில ஒளிச்சு வெச்சுட்டேன்."

"என்னைத் திருடனாக்கிட்டு நீ மாங்கா தின்னியாக்கும்!" சின்னராஜ் சிரித்துவிட்டார்.

சித்ராவின் முகம் சிவந்தது. "மன்னிச்சிருங்கண்ணா," என்றவள் மணி பார்த்தாள். பத்தே முக்கால். திரும்ப எழுத நேரமில்லை. "காளிதாஸ், மூட்டையை எடுத்துட்டு வாங்க."

அங்கமுத்து வந்தபோது எழுத்து போன வட்டங்களில் மாங்காய்கள் உட்கார்ந்திருந்தன. சித்ரா ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு அங்க என்ன பேரு?"

"மாங்கா!" என்றான் காளிதாஸ்.

"அட, ஊட்ல சொல்றதுதானடா அது," என்றார் முதலாளி.

"இங்கிருந்து போனதுதானுங்க ஐயா," என்றான் அவன்.

"செரி, பழத்துக்கு?"

"அதுக்கும் மாங்காதானுங்க. நாமதான் காய் வேற, பழம் வேறங்கறோம். இந்தப் பேரு போய்ச் சேந்த ஊர்ல ரெண்டும் ஒண்ணு."

அங்கமுத்து ஒரு மாங்காயை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதைச் சட்டைப் பையில் திணிக்கப் பார்த்து, முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சின்னராஜு, ஸ்டோருக்கு வேற எடம் பாரு."