மழைக்கு ஒரு மைக்

ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் வந்தாலே எல்லாரும் மழையை வேண்டிக்கொள்வார்கள். மழை கொட்டினால் தகரக் கூரை போடும் சத்தத்தில் ஆசிரியர் ஜெயகாந்தன் சேர் சொல்வது யாருக்கும் கேட்காது. அவரும் வெண்கட்டியைக் கீழே வைத்துவிடுவார். உடனே முதல் ஆளாகப் புத்தகத்தை மூடுகிறவள் இசபெல்தான்.

அந்த இசபெல் இப்போது கொழும்பில் இருக்கிறாள். பக்கத்து இடம் காலியான நாளிலிருந்து அவளுடைய தோழி சுலக்ஷனாவுக்கு வகுப்பே பிடிக்கவில்லை.

போன வாரம் இசபெல் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "இங்க மழை பேஞ்சா சத்தமே கேக்காது. எங்க வீட்டுக்கு மேல இன்னும் ஆறு வீடு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். வகுப்பே சேர்ந்து ஒரு பாட்டுப் பாடி அனுப்பத் தீர்மானித்தது. ஜெயகாந்தன் சேர் கொட்டகலையில் தெரிந்தவரிடம் பாட்டைப் பதிவு செய்ய ஒரு மிக்சர் பெட்டியும் நான்கு மைக்கும் இரவல் வாங்கி வந்தார். அன்றே மூன்று மணி பஸ்ஸில் அவற்றைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

"ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ். மேல தள்ளுனா சத்தம் கூடும், கீழ இழுத்தா கொறையும்" என்று சேர் காட்டினார். சுலக்ஷனா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.

பாட்டு தொடங்கியது. கூடவே மழையும் தொடங்கியது.

மூன்று தடவை பாடினார்கள். மூன்று தடவையும் ஹெட்போனில் மழைதான் பாடியது. மைக்குக்குப் பக்கத்தில் நிஷாந்தி போட்ட தும்மல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, பிள்ளைகளா. இன்னும் ஒரு தடவதான்" என்றார் சேர்.

சுலக்ஷனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூரையை முறைத்துப் பார்த்தாள். அப்போதுதான், அங்கே மழைச் சத்தமே கேட்காது என்று இசபெல் சொன்னது நினைவுக்கு வந்தது.

"சேர், மழைக்கும் ஒரு மைக் குடுப்போமா?"

"மழைக்கா?"

"நாலாவது மைக் சும்மாதானே இருக்கு சேர். மத்தவங்க நிஷாந்தி தும்முன மாதிரி மைக்கை ஒட்டி நின்னு பாடட்டும்."

விஜிதரன் மேசைமேல் ஏறி, நான்காவது மைக்கைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்தான். பாட்டு முடியும்வரை சுலக்ஷனா அதன் குமிழைக் கீழேயே வைத்திருந்தாள். இந்தத் தடவை பாட்டு கேட்டது. கடைசி வரி முடிந்ததும் அந்தக் குமிழை மெல்ல மேலே தள்ளினாள். அவர்களுடைய மழை ஹெட்போன் முழுக்க நிறைந்தது.

ஞாயிறு மாலை இசபெலின் குரல் வந்தது.

"பாட்டு நல்லாருக்கு. வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டேதான் கேட்டேன். கடைசியில மழை வந்துச்சு பாரு, ஒடனே புத்தகத்த மூடிட்டேன்."