கடைசி ஆள் வரும்வரை

கண்ணாடியில் ஒரு விளக்கு தெரிந்தது. மெக்கானிக் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி ஓட்டுகிறவனுக்குப் பின்னால் விளக்கு தெரிவது ஒரு விஷயமா? இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் உறைத்தது. கூட்டத்தில் அவன்தான் கடைசி. அவனுக்குப் பின்னால் வர ஆள் கிடையாது.

வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தான். மதியம் மூன்று மணிதான் இருக்கும், ஆனால் மேலேயிருந்து இறங்கிய மூடுபனி வெளிச்சத்தை வடிகட்டி, பழைய துணி அலசிய தண்ணீர் மாதிரி ஒரு நிறத்தை மலை முழுக்கப் பூசிவிட்டிருந்தது. ஈர மண்ணும் சூடான கிளட்சும் கலந்து மூக்கில் ஏறின. இலைகளிலிருந்து நீர் சொட்டுகிற ஓசை, எங்கோ ஒரு ஓடை, சூடு ஆறுகிற சைலன்சர் 'டிக் டிக்' என்று முனகுவது, இவ்வளவுதான் கேட்டது. விளக்கும் நின்றுவிட்டது. நூறு அடிக்கு மேல் இருக்காது. எந்த இஞ்சின் சத்தமும் அங்கிருந்து வரவில்லை.

"யாருங்க அது?" என்று குரல் கொடுத்தான். யாரோ வழி தவறியவனாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினான். விளக்கும் கிளம்பியது.

நால்வரும் வருடத்துக்கு ஒருமுறை இப்படி மோட்டார்சைக்கிளில் மலையேறக் கிளம்புகிறவர்கள் என்று சொல்ல முடியாது, மூவர்தான் அப்படி. முன்னால் போகிறவர் பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார். அவருக்கு அடுத்தவர் கம்பவுண்டர், மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவர். கடைசியில் மெக்கானிக், யார் வண்டி படுத்தாலும் எழுப்ப. நடுவில் வருகிற நான்காமவர் இந்த வருடம்தான் புதிது: மெக்கானிக்கின் தங்கை புருஷன், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

காட்டுப் பாதையில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. பாதை பிரிகிற இடத்தில் வாத்தியாருக்கு அடுத்து வருகிறவர் நிற்க வேண்டும். சரியான பாதையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு, கடைசி ஆள் வரும்வரை நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்ததும் அவருக்கு முன்னால் புகுந்துகொண்டு கிளம்பலாம். அதுவரை இடி விழுந்தாலும் நகரக் கூடாது. இடையில் வேறு யாராவது மாற்றிவிட வேண்டுமென்றால், "நீ போ, நான் நிக்கறேன்" என்று சொல்லி அந்த இடத்தில் நின்ற பிறகுதான் முதல் ஆள் நகரலாம். கடைசி ஆளுக்கு அடையாளம் மஞ்சள் மழைக்கோட்டு. ஒருமுறை கம்பவுண்டர் கொட்டுகிற மழையில் மூன்று மணி நேரம் இப்படிக் கை நீட்டி நின்றார். கடைசி ஆள் பஞ்சராகித் திரும்பிப் போய்விட்டது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவரை எல்லோரும் சிலை என்று கேலி செய்தார்கள். ஆனால் இந்தப் பத்து வருடத்தில் ஒரு ஆள் கூடத் தொலைந்ததில்லை.

கூரை இல்லாத ஒரு கல் கொட்டகையில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். எப்போதோ பாதை போட்டவர்கள் தங்கியது. வாத்தியார் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொடுத்தார்.

"பின்னால யாரோ வர்றாங்க வாத்தியாரே," என்றான் மெக்கானிக்.

"இந்தப் பாதையிலயா? நம்மள மாதிரி மூளை கழண்டவன் இன்னொருத்தன் இருக்கானா?"

"அவன் கண்ணாடியத் தொடச்சு பத்து வருஷம் ஆச்சு," என்றார் கம்பவுண்டர். "மாப்ள, ஊருக்குப் போனதும் இவனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போட்டு விடுங்க."

மாப்பிள்ளை சிரித்தார். சிரிப்புக்கு நடுவே பல் தந்தியடித்தது. அவருடைய மழைச்சட்டை முள்ளில் மாட்டித் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை கிழிந்து, உள்ளே எல்லாம் நனைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

மெக்கானிக்குக் காலையில் தங்கை வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. ஏழு மாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, இவருக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியாது. யார் சொன்னாலும் சரின்னு தலையாட்டுவாரு. போன மாதிரியே கொண்டுவந்து விட்டுடு." "என் உசுரு மாதிரி பாத்துக்கறேன் போ," என்று வண்டியை உதைத்தான். சும்மா சொல்லவில்லை. அப்பா போன பிறகு அவளைக் கட்டிக்கொடுத்தது அவன்தான். அவள் கண்ணில் தண்ணீர் வந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

மஞ்சள் கோட்டைக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினான்.

"உங்களுக்கு, மச்சான்?"

"எனக்கென்ன, எருமைத் தோலு. போடுங்க."

அடையாளக் கோட்டு கைமாறியதை மற்ற இருவரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். அதற்குள் வாத்தியாரும் கம்பவுண்டரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுத்து நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஏற்றம் செங்குத்தாக இருந்தது. பனி இன்னும் கெட்டியாகி, மாப்பிள்ளையின் பின்விளக்கு மங்கி, சிவப்பு மிளகாய் விதை அளவுக்குச் சுருங்கி, ஒரு வளைவில் காணாமல் போனது. மெக்கானிக் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினான். பார்க்காமல் இருப்பதிலேயே பாதிக் கவனம் போனதால் வேகம் குறைந்தது.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை.

சேற்றில் சைடு ஸ்டாண்டு பதிந்த குழி இருந்தது, அதில் தண்ணீர் இன்னும் ஊறி நிரம்பவில்லை. கம்பவுண்டர் இங்கே நின்றிருக்கிறார். மஞ்சள் கோட்டு தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை பனியில் முன்பே தாண்டியிருப்பார் என்று நினைத்திருக்கிறார். கடைசி ஆள் வந்தாயிற்று என்று கிளம்பியிருக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு பக்கமும் பாறைத் தரை, டயர்த் தடம் பிடிபடவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

அப்போதுதான் வலதுபக்கப் பாதையில், இருபதடி உள்ளே, பனிக்குள் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான். ஒரு கையை மேல்பக்கமாக நீட்டியிருந்தான்.

போன உயிர் திரும்பி வந்தது. "கம்பவுண்டரே! நல்ல ஆளு நீங்க!" என்று கத்திக்கொண்டே அவனைத் தாண்டி ஏறினான்.

மெக்கானிக்கின் கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் வண்டியைப் பார்க்கும், ஆளை அப்புறம்தான் பார்க்கும். தாண்டி ஐம்பதடி போன பிறகுதான், கண் பார்த்தது மனசுக்கு வந்து சேர்ந்தது. அது கம்பவுண்டரின் வண்டி இல்லை. அந்த வண்டியின் செயின் துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. டயரில் காற்று இல்லை. சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் பெரணிச் செடி முளைத்து, அச்சைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியிருந்தது.

கண்ணாடியைப் பார்த்தான். இரண்டு விளக்குகள்.

ஓரத்தில் நின்றவனும் சேர்ந்துகொண்டான். தனக்கு முன்னால் வர வேண்டியவன் பின்னால் புகுந்திருக்கிறான். அப்படியென்றால் அந்த ஆள் மெக்கானிக்கைக் கடைசி ஆளாக நினைக்கவில்லை. இந்த யோசனை வந்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கினான். கல் தெறித்தது, பின்சக்கரம் வழுக்கி ஒருமுறை பள்ளத்தின் விளிம்பைத் தொட்டு மீண்டது.

அடுத்த பிரிவிலும் ஓர் ஆள் நின்றான். நீட்டிய கை. மூடிய ஹெல்மெட் கண்ணாடி, உள்பக்கம் பாசி படர்ந்த பச்சை. அவன் காட்டிய பாதையை விட்டுவிட்டு மெக்கானிக் கீழே இறங்குகிற மற்றதில் திருப்பினான். புதர்கள் முகத்தில் அறைந்தன. நனைந்த இரும்பின் வாடை, பல வருடம் மூடிக்கிடந்த பட்டறையைத் திறந்தால் வருமே, அந்த வாடை பின்னாலிருந்து வந்தது. கண்ணாடியில் மூன்று விளக்குகள். இல்லை, நான்கு. சத்தமே இல்லை.

எண்ணுவதை விட்டான்.

புதர் முடிந்து பாதை அகலமானது. அங்கே மஞ்சள் கோட்டு தெரிந்தது.

மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பாதை இங்கே மறுபடி பிரிந்தது. இடதுபக்கம் இறக்கம். அங்கே சேற்றில் புத்தம் புதுத் தடம். வாத்தியார் வண்டிக்குப் போன வாரம் அவனே மாட்டிய டயரின் கட்டங்கள். ஆனால் மாப்பிள்ளையின் கை வலதுபக்கம் நீண்டிருந்தது.

"மாப்ள! ஏறுங்க வண்டியில. போலாம்!"

"கடைசி ஆள் வரட்டும் மச்சான்." தூக்கத்தில் பேசுகிற குரல்.

"நான்தான் கடைசி ஆள்!"

"இல்லையே. பின்னால வர்றாங்களே."

"யாரு உங்கள இங்க நிக்கச் சொன்னது?"

"முன்னாடி போனவரு. இங்க நில்லுன்னு கை காட்டினாரு. கம்பவுண்டர்னு நெனச்சேன். கை வலிக்குது மச்சான். இறக்க முடியல."

மெக்கானிக் வலதுபக்கம் நாலு அடி வைத்துப் பார்த்தான். காலில் பட்ட கல் ஒன்று உருண்டு பனிக்குள் போனது. விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. பாதை அங்கே இல்லை. எப்போதோ சரிந்து போயிருந்தது. அதற்கப்பால் வெள்ளையாக வெறும் காற்றுதான்.

ஓடி வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தான். கட்டை. இரண்டு கையாலும் தொங்கினான். அசையவில்லை. இடுப்பைக் கட்டித் தூக்கினான். கால் வேர் விட்டதுபோல் நின்றது. மாப்பிள்ளையின் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் புதருக்குள் விளக்குகள் வந்துவிட்டன.

தங்கையின் முகம் வந்தது. அழுகை வந்தது. முறை தெரிந்த ஆள் அவன். அந்த முறையில் நிற்கிறவனை விடுவிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதும் அவனுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் தோளோடு தோளாக நின்றான். தன் வலது கையை நீட்டினான்.

"நீங்க போங்க மாப்ள. நான் நிக்கறேன்."

மாப்பிள்ளையின் கை விழுந்தது.

"மச்சான்..."

"எடதுல. எறங்குங்க. எங்கயும் நிக்காதீங்க, யார் கை காட்டினாலும் நிக்காதீங்க. அவ காத்திருப்பா. போங்க!"

வண்டி உறுமியது. அந்த இஞ்சினைப் பிரித்து மாட்டியது அவன்தான், இரண்டாவது கியரில் லேசாக விக்கும். சத்தம் இறக்கத்தில் இறங்கியது. விக்கல். மூன்றாவது கியர். பாலம் போல ஏதோ மரத்தின் மேல் தடதடவென்று ஏறி இறங்கியது. அப்புறம் தூரம். அப்புறம் ஒன்றுமில்லை. தப்பித்துவிட்டார். மெக்கானிக் வாய்விட்டு அழுதான். நானும் கிளம்பிவிடலாம் என்று கையை இறக்கப் பார்த்தான்.

கை இறங்கவில்லை.

முதல் விளக்கு அவனைத் தாண்டியது. பெரணி முளைத்த சக்கரம். ஓட்டியவன் அவன் கையைப் பார்த்தான், கை காட்டிய பக்கம் திரும்பினான், வெள்ளைக்குள் போனான். சத்தமில்லை. இரண்டாவது. பாசி பிடித்த ஹெல்மெட். வெள்ளைக்குள். மூன்றாவது. நான்காவது. பத்தாவது. டயரே இல்லாமல் வெறும் ரிம்மில் ஓடுகிற ஒன்று. முன்சக்கரம் இல்லாத ஒன்று. வரிசை மலைமேலே, கண்ணுக்கெட்டுகிற வரை, வளைந்து வளைந்து விளக்காக இறங்கிக்கொண்டிருந்தது. தோளில் நெருப்பாக வலித்தது. கண்ணை மூட முயன்றான். இமையும் இறங்கவில்லை.

அப்போது சத்தம் கேட்டது.

அவ்வளவு சத்தமில்லாத வண்டிகளுக்கு நடுவில் ஒரே ஒரு இஞ்சின் சத்தம். கீழேயிருந்து இல்லை. மேலேயிருந்து. புதருக்குப் பின்னால், வரிசையில். இரண்டாவது கியரில் லேசாக விக்கியது. வழியில் யாரோ கை காட்டி அவரை இந்த வரிசைக்கே திருப்பியிருக்கிறார்கள்; நிற்காதீங்க என்றுதான் சொல்லியிருந்தான், கை காட்டுகிற பக்கம் போகாதீங்க என்று சொல்லவில்லை.

"இந்தப் பக்கம் வராதீங்க," என்று சொல்லப் பார்த்தான். வாய் வரவில்லை. கையைத் திருப்பப் பார்த்தான். விரலையாவது மடக்கப் பார்த்தான்.

மாப்பிள்ளை புதரை விட்டு வெளியே வந்தார். வேகத்தைக் குறைத்தார். பாதை பிரிகிற இடத்தில், யார் சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிற அந்த மனிதர், மச்சானின் நீட்டிய கையைப் பார்த்தார். நன்றாகத் தலையாட்டினார். அது காட்டிய பக்கம் வண்டியைத் திருப்பினார்.