கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா

அக்கா அதே இடத்தில் இருமினாள்.

நேற்றும் "நல்லா தூங்கறேன்" என்று முடித்துவிட்டுத்தான் இருமினாள், முந்தாநாளும். ஒன்றரை இருமல். தங்கை கதவில் காதை வைத்தபடி, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டாள்.

"வலியே இல்ல," என்றது குரல்.

கேள்வி கேட்டு நோயாளியின் சக்தியை வீணாக்கக் கூடாதென்று உதவியாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பார்வை நேரம் பத்திலிருந்து பத்தரை. பார்வை என்றால் கதவைப் பார்ப்பது. புற்றுக்கட்டி தனிமையில்தான் கரையுமாம். இப்படிச் சொன்ன வைத்தியரின் பட்டங்கள் பெயர்ப்பலகையில் இடம் போதாமல் பக்கச் சுவரிலும் படர்ந்திருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் பாதி மருந்து ஏறியிருந்த அக்காவை, "முடி கொட்டினதுதான் மிச்சம், வா" என்று இங்கே இழுத்து வந்தவள் தங்கைதான்.

அங்கே நிற்க மனசு வராமல் சீக்கிரமே கீழே இறங்கினாள். வரவேற்பறையில் எலுமிச்சை வாசனை. அதற்கடியில், ஈரத்துணியைச் சுருட்டி எங்கோ மறந்துவிட்டது போல இன்னொன்று. நேற்றுவரை மாடியில் மட்டும் இருந்தது. சுவரிலிருந்த டிவியில் குணமானவர்கள் ஒருவர்பின் ஒருவராக நன்றி சொல்லிக்கொண்டிருக்க, அவள் பைக்குள் வண்டிச் சாவியைத் துழாவினாள்.

"வலியே இல்ல. நல்லா தூங்கறேன்."

இருமல். ஒன்றரை.

திரையில் அக்கா, பச்சைப் புடவையில். சேர்ந்த அன்றே அவிழ்த்து மடித்துக் கொடுத்த புடவை. எட்டு நாளாகத் தங்கை வீட்டுக் கொடியில் கிடக்கிறது.

"முதல் நாளே வீடியோ எடுத்துடுவோம் மேடம்," என்றாள் வரவேற்புப் பெண், பெருமையாக. "குணமான மாதிரி பேசினா உடம்பு நம்பிடும்."

படி. இன்னொரு படி. மாடி.

'உள்ளே வரக் கூடாது' என்ற பலகைக்குக் கீழே கைப்பிடியைத் திருகினாள். பூட்டே இல்லை. எட்டு நாளும் இருந்ததில்லை. யாரும் திருகிப் பார்க்கவில்லை.

ஜன்னல் அடைத்திருந்தது. கட்டிலில் வெள்ளைத் துணி, நெற்றிக்கு மேல்வரை. தலையணையில் கையளவு ஸ்பீக்கர். துணிக்கு வெளியே ஒரு பாதம்.

தொட்டாள்.

சில்லென்றிருந்தது.

"வலியே இல்ல," என்றது தலையணை.

அலறிக்கொண்டே வெளியே வந்தாள். வரிசையாக இன்னும் பதினோரு கதவுகள். ஒவ்வொன்றிலும் ஒருவர், காதை மரத்தில் ஒட்டி, கண்ணை மூடி, சிரித்தபடி.

பக்கத்துக் கதவுப் பெரியவர் மட்டும் கண்ணைத் திறந்தார்.

"கொஞ்சம் மெதுவாம்மா. எம் பொண்ணு பேசறது கேக்கல."