மூட்டைக்கு ஒரு படம்

மூன்று நாளாக மழை விடவில்லை. விலங்குக் காப்பகத்தின் பின்பக்கக் கூரை ஏழு இடங்களில் ஒழுகியது. ஏழு வாளிகளையும் மாற்றி மாற்றிக் கொட்டி அம்மாவுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது.

அம்மாதான் காப்பகத்தின் பொறுப்பாளர். காவலாளியும் அவர்தான், சமையல்காரரும் அவர்தான். உதவிக்கு வந்துகொண்டிருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

“குண்டூசி, நாளைக்கான அறிவிப்பைப் போட்டுட்டியா?” என்று கேட்டபடியே அம்மா அலுவலக அறையின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

குண்டூசி அவருடைய இளைய மகள். ஐந்தாம் வகுப்பு. ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை. அதனால் அந்தப் பெயர். காப்பகத்தின் இணையதளத்தை வாரம் ஒருமுறை புதுப்பிப்பது அவள் வேலை.

திங்கட்கிழமை கூரையைப் பிரிக்கப் போகிறார்கள். காப்பகத்தில் இருப்பவை பன்னிரண்டு உயிர்கள். முன்பக்கத்தில் ஆறுக்குத்தான் இடம். மற்ற ஆறுக்கும் நாளை ஞாயிற்றுக்கிழமையே வீடு கிடைக்க வேண்டும். கிடைக்காதவை தூரத்து ஊரில் இருக்கும் பெரிய காப்பகத்துக்கு வண்டியேறும். அங்கே ஏற்கெனவே முந்நூறு நாய்கள்.

“போட்டுட்டே இருக்கேம்மா. ஆனா கம்ப்யூட்டர் முறைக்குது.”

அந்த இணையதளத்தை உருவாக்கியவள் வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. பெயர், வயது, குணம், கடைசி வரியில் படம். எழுதி முடித்துக் கட்டளை கொடுத்தால், கணினியில் இருக்கும் ஒரு நிரல் எல்லாவற்றையும் சேர்த்து அழகான பக்கங்களாகச் செய்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்று செய்யவில்லை. ‘பன்னிரண்டு படங்கள் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

குண்டூசி ஏற்கெனவே இருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நாயும் இல்லை, பூனையும் இல்லை. வரிசையாகப் பன்னிரண்டு சாம்பல் நிறக் கட்டங்கள்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள். மறுமுனையில் முதலில் ஒரு பெரிய கொட்டாவி வந்தது, அப்புறம்தான் அக்கா வந்தாள்.

“அந்தக் கடைசி வரியில என்னடி இருக்கு? ஃபைல் பேரா, இல்ல நீளமா ஒரு அட்ரஸா?”

“நீளமா அட்ரஸ். பன்னிரண்டுலயும்.”

“ஐயோ. ஸ்டூடியோக்காரர் எடுத்த படமெல்லாம் அவரோட சைட்லயே இருந்துச்சு. நம்ம கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வைக்காம, அங்கேயிருந்தே வரட்டும்னு அட்ரஸை மட்டும் எழுதிட்டேன். அவர் சைட்டை மூடிட்டார் போல.”

“சோம்பேறி.”

“சரி, சோம்பேறிதான். இப்ப ஒண்ணு பண்ணு. இதே மாதிரி நாய், பூனை படம் நெட்ல ஆயிரம் கிடக்கு. எதையாவது எடுத்துப் போட்டுடு.”

குண்டூசி யோசித்தாள். “படத்தைப் பார்த்துட்டு வர்றவங்க, ‘அந்த நாய் எங்கே’ன்னு கேட்டா? நம்ம நாய் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கும்?”

அக்கா போனை வைத்துவிட்டாள். அவளுக்கு வேலை நேரம் வந்துவிட்டது.

குண்டூசி பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடையை எடுத்தாள். ஸ்டூடியோ அடுத்த தெருவில்தான். அங்கே ஸ்டூடியோக்காரர் மேஜையில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஒரு கல்யாணம். விடிய விடியப் படம் எடுத்திருந்தார்.

“மாமா, உங்க சைட்டை மூடிட்டீங்களா?”

“ஆமாம்மா. யார் பார்க்கிறா?” என்று அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“நாங்க பார்த்தோம். உங்க சைட்லேருந்துதான் எங்களுக்குப் படம் வந்துட்டிருந்துச்சு.”

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். “நீங்க காப்பி எடுத்து வச்சிருப்பீங்கன்னுல்ல நான் நினைச்சேன்?”

“நீங்க பத்திரமா வச்சிருப்பீங்கன்னு நாங்க நினைச்சோம்.”

 அவர் எழுந்து பழைய கணினியைத் தட்டி எழுப்பினார்.

“நான் இதையெல்லாம் எங்க கம்ப்யூட்டர்லயே வச்சுக்கலாமா, மாமா?”

“தாராளமா வச்சுக்கோ. உங்களுக்காக எடுத்ததுதானே?”

பதினோரு படங்கள் கிடைத்தன. மூட்டையின் படம் மட்டும் இல்லை. அதைத் தன் பழைய போனில் எடுத்ததாகவும், அந்தப் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாகவும் அவர் சொன்னார்.

மூட்டை என்பது ஒன்பது வயது நாய். எந்நேரமும் மூலையில் சாக்குமூட்டை மாதிரியே கிடக்கும்.

காப்பகத்துக்குத் திரும்பியதும் அடுத்த வேலை காத்திருந்தது. படங்களுக்கு 0457, 0458 என்று வெறும் எண்கள்தான் இருந்தன. இரண்டு கறுப்புப் பூனைகளில் எது எது? குண்டூசி கூண்டுகளுக்குப் போய் இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒன்றின் தாடைக்குக் கீழே அரிசி அளவு வெள்ளைப் புள்ளி இருந்தது. மற்றொன்று அவள் கையைப் பிராண்டியது. அதை வைத்தும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

படங்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விலங்கின் பெயரையே வைத்தாள். கோப்புகளில் இருந்த நீளமான முகவரிகளை அழித்துவிட்டு அந்தப் பெயர்களை எழுதினாள். விரல் வலித்தது. கண் எரிந்தது.

கடைசியாக, அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மூட்டையிடம் போனாள்.

“மூட்டை, இங்க பாரு!”

மூட்டை பார்க்கவில்லை. விசில் அடித்தாள். கை தட்டினாள். பிஸ்கட் காட்டினாள். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அது திரும்பிப் படுத்துக்கொண்டது. இருபத்தொரு படங்கள் எடுத்தாள். எல்லாவற்றிலும் முதுகு, வால், அல்லது மூடிய கண்கள்.

“அதை விடுடி, பாவம். அதுக்கும் அலுப்பு” என்றார் அம்மா. குரல் தழைந்தது. “யாருக்கும் வேண்டாம்னா இவனைத்தான் வண்டியில ஏத்தணும். கிழவனை யார் கேட்கப் போறாங்க?”

குண்டூசி தரையில் வயிறு பதியப் படுத்து, மூட்டையின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தாள். விழிக்க வைக்க முயலவில்லை. தூங்குகிற முகத்தையே எடுத்தாள். பிறகு மூட்டையின் கோப்பில் இப்படி எழுதினாள்:

‘வயது ஒன்பது. பகலெல்லாம் தூங்கும். இது குரைத்து யாரும் கேட்டதில்லை. பந்தை எறிந்தால், பந்து போவதைப் பார்க்கும்.’

அம்மா எட்டிப் பார்த்தார். “இப்படி எழுதினா யாருடி வருவாங்க?”

“பொய்யா எழுதச் சொல்றீங்களா?”

“அதுவும் வேண்டாம்” என்றார் அம்மா.

கட்டளை கொடுத்தாள். நிரல் இந்த முறை முறைக்கவில்லை. ஆனாலும் குண்டூசிக்கு ஒரு சந்தேகம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தன் கணினியில் பக்கங்களைத் திறந்தாள். பன்னிரண்டு முகங்களும் அப்படியே இருந்தன. எந்தப் படமும் வெளியிலிருந்து வரவில்லை; எல்லாம் சொந்த வீட்டிலேயே இருக்கின்றன. இணைப்பைத் திரும்பக் கொடுத்து, பக்கங்களை இணையத்தில் ஏற்றினாள்.

ஞாயிறன்றும் மழைதான். மதியத்துக்குள் இரண்டு கறுப்புப் பூனைகளும் ஒரே வீட்டுக்குப் போயின. மூன்று குட்டி நாய்களை மூன்று குடும்பங்கள் கேட்டு வாங்கிப் போயின. ஐந்து ஆயிற்று. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மணி நான்கானது. அம்மா வண்டிக்காரரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

அப்போது வாசல் மணி அடித்தது. வெள்ளை உடையில் ஒரு நர்ஸ் நின்றிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“சைட்ல ஒரு நாய் தூங்கிட்டிருந்துச்சே, அது இருக்கா?”

“இருக்கு. இப்பவும் தூங்கிட்டுதான் இருக்கு” என்றாள் குண்டூசி.

“எனக்கு எப்பவும் ராத்திரி டியூட்டி. பகல்லதான் தூங்கணும். துள்ளிக் குதிக்கிற நாய் எனக்குக் கட்டுப்படி ஆகாது. பக்கத்துல பேசாம யாராவது படுத்திருந்தா போதும்.”

மூட்டையை அலுவலக அறைக்கு அழைத்து வந்தார்கள். அது நர்ஸை மோந்து பார்த்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்ததும், அவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது.

குண்டூசி கணினியில் மூட்டையின் கோப்பைத் திறந்து ‘வீடு கிடைத்தது’ என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

நர்ஸ் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். மூட்டையும் தூங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை மெல்ல மடியில் இறங்கியது. அவருக்கும் கண் செருகிவிட்டது.

குண்டூசி பூனை நடை நடந்து வெளியே போனாள். குடையைப் பிடித்துக்கொண்டு வாசல் மணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

யாரோ ஒருவர் வந்து மணியை நோக்கிக் கையை நீட்டினார். குண்டூசி உதட்டில் விரலை வைத்தாள்.

“கொஞ்சம் இருங்க சார். உள்ளே மூணு பேர் தூங்கறாங்க.”