அசையும் பாகம் இல்லாதது

பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை என்று மச்சான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன் அத்தான். குதிரை மாதிரி இருக்கு. உங்களுக்கும் எனக்கும் அப்புறமும் ஓடும்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"என்ன சத்தம்? இங்க மூச்சுகூட விடலையே."

மச்சான் அவருடைய மனைவியின் தம்பி. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடங்கள் போட்டுக் கொடுக்கும் அவருக்காக, உதிரி உதிரியாக வாங்கி அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன் அவன்தான். மனைவி போன பிறகு, ஒரு வருடமாக, அவர் வேலை செய்ய உட்காரும்போதெல்லாம் அது கேட்டது, மாதத்துக்கு மாதம் கொஞ்சம் உரக்க. எதையோ இரண்டு முறை பிறாண்டுவது போல, பிறகு ஒரு தட்டு. கரக், கரக், டக். சற்று இடைவெளி. மறுபடியும் கரக், கரக், டக். டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது, சாகும் முன் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு எதையும் சொல்லிக்கொள்ள அவருக்கு மனம் துணியவில்லை.

"எதுவா இருந்தாலும் சரி. சத்தமே போடாததா ஒண்ணு குடு."

டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. இரண்டை மச்சான் எடுத்து வைத்தான். ஒன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டையான பெட்டி. மற்றது விரல் நீளத்துக்கு ஒரு பட்டை.

"இது விலை கம்மி. ஆனா பெரிய ஃபைலா ஏத்துனா பாதியில மூச்சு வாங்கும். இந்தப் பட்டை இருக்கே, சரியான வேகம். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள உங்க வரைபடம் வந்து நிக்கும். கொஞ்சம் சூடாகும், மேல ஒரு தகடு வச்சிரலாம்."

"எது சத்தம் போடாது?"

"ரெண்டுமே ஊமைதான் அத்..."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுடைய அக்கா கடைசி மாதங்களைப் பேச்சில்லாமல் கழித்தவள்.

"உள்ள அசையற பாகம் எதுவுமே கிடையாதா?" என்று அவர்தான் பேச்சை மாற்றினார்.

"ஒண்ணும் கிடையாது. அசையறதுக்கே எதுவும் இல்லாதது எங்கருந்து சத்தம் போடும்?"

அவர் பட்டையைத் தேர்ந்தெடுத்தார். மச்சான் அதைப் பூட்டி, பழையதில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றி, இரைச்சல் போடும் விசிறிகளையும் மாற்றிக் கொடுத்தான். பழைய டிஸ்க்கை அவனே வைத்துக்கொண்டான். "இனிமே உங்க வீட்டுல எறும்பு நடந்தாக்கூடக் கேக்கும்" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை அதன் இடத்தில் வைத்து இணைப்புகளைக் கொடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். புது உலோகமும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை அறையில் மெல்லப் பரவியது, திரை ஒளிர்ந்தது, கூடத்துக் குழாய் சொட்டுவதும், குளிர்பெட்டி முனகி அடங்குவதும், தன் நாற்காலி தன் எடைக்குக் கிரீச்சிடுவதும் ஒவ்வொன்றாக, தனித்தனியாக, இத்தனை நாள் எங்கேயோ காத்திருந்தவை போல அவர் காதுக்கு வந்து சேர்ந்தன. இவ்வளவு பெரிய வீடா இது என்று நினைத்தார். ஒரு ஆளுக்கு இவ்வளவு எதற்கு?

பாதியில் நின்ற வரைபடம் ஒன்றைத் திறந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

கரக்.

கரக்.

டக்.

கை சுட்டியின் மேலேயே நின்றுவிட்டது. விசிறியாக இருக்கும். குனிந்து பெட்டியில் காதை வைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. மச்சானுக்கு போன் போட்டார்.

"சத்தம் இன்னும் வருதுப்பா."

"வர முடியாதே. பிளக்கைப் புடுங்கிட்டுக் கேளுங்க."

பிடுங்கினார். திரை இருண்டது. போனின் வெளிச்சம் மட்டும்.

கரக், கரக், டக்.

எதிர்முனையில் மச்சானின் குரல் சின்னப் பையனுடையது போல இருந்தது.

"அத்தான்... அது அக்கா கூப்பிடற மாதிரில்ல இருக்கு?"

போனை வைத்துவிட்டார்.

படுக்கையில் விழுந்த பிறகு அவளுக்கு இடது கை மட்டும்தான் அசைந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் புரண்டு படுக்க வேண்டுமென்றாலும், படுக்கையறையில் கட்டிலை ஒட்டிய சுவரை நகத்தால் இரண்டு முறை பிறாண்டுவாள். பிறகு மோதிரத்தால் ஒரு தட்டு. அவர் இந்த மேசையிலிருந்தே "வந்துட்டேன்மா" என்பார். அந்தச் சொல் கேட்டதும் நிறுத்திவிடுவாள். போய் உட்கார்ந்தால் அவருடைய மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாளும் அவர் போகாமல் இருந்ததில்லை. அவள் போனதும் கட்டிலைக் கொடுத்துவிட்டார். கீறல் விழுந்த சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்.

போனின் விளக்கை மேசைப் பக்கச் சுவரில் சாய்த்துப் பிடித்தார்.

வெள்ளையில் வெள்ளையாக, இரண்டு கோடுகள். நேராகப் பார்த்தால் தெரியாதவை. கட்டில் உயரத்தில், நூல் பிடித்தாற்போல. அவற்றுக்குக் கீழே சின்னச் சின்னக் குழிகள். விளக்கை நகர்த்தினார். கோடுகள் கதவு நிலை வரை போயின. நிலையைத் தாண்டிக் கூடத்துக்குப் போயின. தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் வீடுகளுக்குப் படம் போட்டவர். இந்த வீட்டின் படம் தானாகவே மனதில் விரிந்தது: படுக்கையறைச் சுவர், அதன் வாசல், கூடம், இந்த அறை வாசல். எங்கும் அறுபடாமல், விரல் விரலாக.

ஒரு வருடம் கூப்பிட்டிருக்கிறாள். யாரும் பதில் சொல்லவில்லை. வந்துவிட்டாள்.

கோடுகள் மேசைக்குப் பின்னால் முடிந்திருந்தன. தரையில் சுண்ணாம்புத் தூள். புதிது.

கால்கள் ஓடச் சொல்லின. ஓடி எங்கே போவது? நாற்காலியில் உட்கார்ந்தார்.

கரக், கரக், டக். மேசையின் மரத்தில். முழங்கைக்குப் பக்கத்தில்.

வாய் தானாகத் திறந்தது. பழக்கம்.

"வந்துட்டேன்மா."

நின்றுவிட்டது.

குழாய் சொட்டியது. ஒரு சொட்டு. பிறகு அதுவும் இல்லை.

மேசை மேல் அவருடைய கை. மணிக்கட்டில் குளிர்ச்சி. இழுத்தார். வரவில்லை.

தோலின் மேல் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. மெதுவாக. சிவந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

தட்டுக்காக அவர் காத்திருந்தார்.